பிரேக்டவுன் கரியரை வச்சு வன்னியில விவசாய லோட் ஓடி மேலதிகமா உழைக்கிறது எப்பிடி: முழுமையான வழிகாட்டி

ஏ9 ரோட்டில பிரேக்டவுன் கரியர், அதாவது பழுதான வாகனங்களை ஏத்திக்கொண்டு போற வண்டி, வச்சிருக்கிற ஆக்களுக்கு இது நல்லாத் தெரியும், கோல் வந்தா ஒரே நாளில ரெண்டு மூண்டு வரும், வராட்டி கிழமைக் கணக்கா வண்டி வேப்பமரத்துக்குக் கீழ நிக்கும், ஆனா லீசிங் காசு மாதம் தவறாமல் கட்டியாக வேணும். அதே கிழமையில விசுவமடுவிலயோ ஒட்டுசுட்டானிலயோ ஒரு கமக்காரர் பழுதான ட்ரக்டரை கராஜுக்குக் கொண்டு போக வண்டி இல்லாமல் ஆள் ஆளாய் போன் அடிச்சுக்கொண்டு நிப்பார். இந்த ரெண்டு பேரையும் சேர்க்கிற வேலையைப் பற்றித்தான் எழுதுறன்.

முதலே ஒண்டு சொல்லிப்போடுறன், ஏனெண்டா கனபேர் இதில தான் பிழைக்கினம். கரியரில நெல் மூட்டை அடுக்கி லொறிக்காரரோட போட்டிக்குப் போனா காசு வராது. லொறி உங்களை விடக் கூட ஏத்தும், குறைச்ச வாடகைக்கும் ஓடும். சாயிற தளமும் கேபிளைச் சுத்தி இழுக்கிற வின்சும் லொறியிட்ட இல்லை, அது தான் உங்கட சொத்து. அதால தானா ஓட ஏலாத, தூக்கி ஏத்தவும் ஏலாத சாமான்களை ஏத்துறது தான் முதல் உழைப்பு, மூட்டையும் மரக்கறியும் வெறும் வண்டியாத் திரும்பாமல் இருக்கப் போடுற லோட். இந்த ஒழுங்கை மாத்தாதீங்கோ.

முதல் படி: உங்கட வண்டி எந்த வகை

முன் சில்லைக் கொழுவித் தூக்கி இழுக்கிற வகை வண்டி எண்டா விவசாய லோட்டுக்கு அது சரிவராது, அதில சாமான் வைக்க இடமே இல்ல. வயலுக்குள்ள புதைஞ்ச ட்ரக்டரை இழுத்து எடுக்கிற வேலைக்கு மட்டும் பாவிக்கலாம். தளம் பின்னுக்கு வழுகி நிலத்தில சாயிற கரியர் தான் எங்கட வேலைக்குத் தோது. எங்கட பக்கம் ஓடுறது கூடுதலா கன்டர், எல்ஃப், டைனா ரகங்கள் தான்.

ரெண்டாம் படி: பாரக் கணக்கு, இதை விட்டுப்போட்டு வேற எதையும் செய்யாதீங்கோ

வாகனப் புத்தகத்தை எடுத்து ரெண்டு எண்ணைப் பாருங்கோ, மொத்த நிறை ஒண்டு, வெறும் வண்டி நிறை மற்றது. முதலாவதில ரெண்டாவதைக் கழிச்சா வாறது தான் நீங்கள் ஏத்தலாம். ஒரு உதாரணத்துக்கு மொத்தம் 6000 கிலோ, வெறும் வண்டி 3700 கிலோ எண்டு வையுங்கோ, மிச்சம் 2300 கிலோ. நெல் மூட்டை ஒண்டு 70 கிலோ எண்டா 32 மூட்டையோட கதை முடிஞ்சுது. அதே சைஸ் கன்டர் லொறி உங்களை விடக் கூட ஏத்தும், ஏனெண்டா உங்கட வண்டியில தளத்தின்ர இரும்பும் ஹைட்ரோலிக்கும் வின்சும் அந்த நிறையைத் திண்டு போட்டுது. கரியரை லொறி எண்டு நினைச்சு 60 மூட்டை ஏத்தினா பொலிஸ் பிடிக்கிறது ரெண்டாவது பிரச்சினை, முதல் பிரச்சினை பிரேக்கும் பின் ரயரும்.

இப்ப இந்த 2300 கிலோவை வச்சு மெசினைப் பாருங்கோ. லான்ட்மாஸ்டர் எண்டிற ரெண்டு சில்லுக் கை ட்ரக்டர் ஒண்டு அரை டன்னுக்குள்ள தான், ரெண்டும் ஏத்தலாம். எங்கட பக்கம் பழசா ஓடுற மசி பெர்குசன் 240 மாதிரி ட்ரக்டர் ரெண்டு டன்னுக்கு கிட்ட வரும், கலப்பையைக் கழட்டிப்போட்டு ஏத்தினா சரி. ஆனா ரப்பர் செயினில ஓடுற நெல் வெட்டுற மெசின் 3 டன் அளவு வரும், மொடலைப் பொறுத்துக் கூடிக் குறையும். மெசினில அடிச்சிருக்கிற தகட்டைப் பாருங்கோ, சொந்தக்காரர் சொல்லுற நிறையை நம்பாதீங்கோ. சின்னக் கரியர் வச்சிருக்கிற ஆக்கள் வெட்டு மெசின் ஹயர் வந்தா "அண்ணை, என்ர வண்டி தாங்காது" எண்டு நேராச் சொல்லிப்போட்டு பெரிய கரியர் வச்சிருக்கிற ஆளின்ர நம்பரைக் குடுங்கோ. அந்த ஆள் நாளைக்கு சின்ன வேலை வரேக்க உங்களுக்குத் தருவார். வெட்டு மெசினை மட்டும் குறி வச்சு இறங்கப் போறீங்கள் எண்டா பெரிய வண்டி பாத்து வாங்குங்கோ, தளத்தின்ர அகலத்தையும் அளந்து பாருங்கோ, செயின் ரெண்டும் முழுசா தளத்துக்கு மேல நிக்க வேணும்.

மூண்டாம் படி: பத்திரங்கள்

புத்தகத்தில வாகன வகுப்பு என்னெண்டு போட்டிருக்கு எண்டு பாருங்கோ. சில கரியர் லொறி எண்டு பதிஞ்சிருக்கும், சிலது விசேட தேவை வாகனம் எண்டு இருக்கும். ரெண்டாவது எண்டா வாடகைக்கு சாமான் ஏத்தலாமோ எண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில கேட்டுத் தெளிஞ்சுகொள்ளுங்கோ, ரோட்டில நிண்டு பொலிசோட கதைச்சுத் தெளியிற விஷயம் இல்ல அது. லைசன்ஸ் பக்கத்தால 3500 கிலோவுக்கு மேல 17000 கிலோ வரைக்கும் மொத்த நிறை உள்ள லொறிக்கு சி1 வேணும், கார் ஓடுற பி லைசன்ஸ் காணாது. ட்ரைவரை வைக்கிறீங்கள் எண்டா அவற்ற லைசன்சை கையில வாங்கிப் பாருங்கோ.

இன்சூரன்ஸ் இதில பெரிய பகுதி. மூண்டாம் தரப்பு இன்சூரன்ஸ் தளத்தில இருக்கிற மெசினுக்கு ஒரு சதமும் தராது, முழு இன்சூரன்ஸ் எண்டாலும் ஏத்தின சாமானுக்குப் பொருந்தும் எண்டு தானா நினைக்காதீங்கோ. உங்கட கம்பனியிட்ட ஏத்திற பொருளுக்கான காப்புறுதி தனியா எடுக்க ஏலுமோ எண்டு கேளுங்கோ, எழுத்தில வாங்குங்கோ. ஒரு வெட்டு மெசின் எண்டிறது ஒரு குடும்பத்தின்ர காணியும் நகையும் லீசிங்கும் சேர்ந்த சொத்து, அது தளத்தில இருந்து சரிஞ்சா உங்கட வண்டியை வித்தாலும் கட்டி முடிக்க ஏலாது. வண்டி லீசிங்கில எண்டா அந்தக் கம்பனிக்கும் என்ன வேலைக்குப் பாவிக்கிறீங்கள் எண்டு சொல்லி வையுங்கோ.

மணல், மரம், மாடு மூண்டுக்கும் தனித்தனி அனுமதிப்பத்திரம் வேணும். "ஒரு ரிப் தானே தம்பி, இரவில அடிச்சுப்போட்டு வருவம்" எண்டு கேக்கிற ஆக்கள் வன்னியில எல்லாச் சந்தியிலயும் இருக்கினம். பத்திரம் இல்லாத மணலும் முதிரை மரமும் ஏத்திப் பிடிபட்டா வண்டி பொலிஸ் ஸ்டேசனுக்குள்ள மாசக் கணக்கா நிண்டு துரு பிடிக்கும், அந்தக் காலம் முழுக்க பிரேக்டவுன் உழைப்பும் இல்ல. மாட்டை பத்திரம் இருந்தாலும் கரியரில ஏத்தாதீங்கோ, பக்க மறிப்பு இல்லாத வழுக்குற இரும்புத் தளத்தில அதுகள் விழுந்து கால் முறியும்.

எந்த வேலைக்கு எப்ப போறது

வன்னியில கால போகம் ஐப்பசி கார்த்திகையில விதைச்சு தை கடைசியில இருந்து பங்குனி வரைக்கும் வெட்டு. சிறுபோகம் குளத்துத் தண்ணியைப் பொறுத்தது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னார் பக்கம் கட்டுக்கரை எண்டு ஒவ்வொரு குளத்துக்குக் கீழயும் இந்த வருசம் எத்தினை ஏக்கர், எண்டைக்குத் தண்ணி திறக்கிறது, எண்டைக்குப் பூட்டுறது எண்டு போகத்துக்கு முதல் கூட்டம் வச்சு முடிவெடுப்பினம். அந்தத் திகதிகளைக் கேட்டு எழுதி வையுங்கோ. விதைக்கிறது மூண்டு மாச நெல்லோ மூண்டரை மாச நெல்லோ எண்டு தெரிஞ்சா வெட்டு எந்தக் கிழமையில வரும் எண்டு உங்களுக்கு முன்னமே விளங்கும், வெட்டுக்கு ரெண்டு கிழமை முதல் மெசின்காரருக்கு போன் எடுக்கிற ஆளுக்குத் தான் ஹயர் கிடைக்கும்.

வெட்டு ஒரே நாளில எல்லா இடமும் வராது. அதால மெசின்கள் ஒரு குளத்தில இருந்து மற்றக் குளத்துக்கும், ஒரு மாவட்டத்தில இருந்து மற்ற மாவட்டத்துக்கும் நகரும், பொலன்னறுவை அனுராதபுரம் பக்கத்து மெசினும் எங்கட பக்கம் வரும். இந்த நகர்வு தான் பெரிய கரியர்காரரின்ர போகம். சின்னக் கரியருக்கு விதைப்புக்கு முந்தின மாசம் தான் நல்லது, உழவு தொடங்க பழைய ட்ரக்டர் எல்லாம் ஒண்டொண்டா பழுதாகும், இரும்புச் சில்லுப் போட்ட லான்ட்மாஸ்டரை தார் ரோட்டால ஓட்டிக்கொண்டு போனா ரோட்டும் கிழியும் சில்லும் தேயும், அதுக்கும் உங்களைத் தான் கூப்பிடுவினம். தண்ணிப் பம்ப், சூடடிக்கிற மெசின், பழைய ட்ரக்டர் வாங்கி விக்கிற ஆக்களின்ர லோட் இதெல்லாம் வருசம் முழுக்க வரும்.

ஓகஸ்ட் மாசத்தைப் பற்றித் தனியாச் சொல்ல வேணும். ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழா, அந்த மாசத்தை ஒட்டித்தான் நல்லூர்த் திருவிழா, பள்ளிக்கூட லீவும் சேர்ந்து தெற்கில இருந்து ஏ9ஆல வாகனம் விடிய விடிய ஓடும், பிரேக்டவுன் கோல் வருசத்தில கூட வாறது அப்ப தான். சிறுபோக வெட்டும் அதே நேரம். அந்த மாசத்தில தூர இடத்து விவசாய லோட் எடுக்காதீங்கோ, வண்டியை ஏ9ஐ விட்டு ஒரு மணித்தியால தூரத்துக்குள்ள வச்சிருங்கோ. பிரேக்டவுன் ஆளுக்கு உங்களை விட்டா வழி இல்ல, வாடகையும் அதில தான் கூட. வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கும் முல்லைத்தீவு ரோட்டில இதே கதை.

ஏத்துறதும் கட்டுறதும்

இதில ஆறுதலா இருங்கோ, அவசரப்படுத்திற ஆக்களுக்குக் காது குடுக்காதீங்கோ.

வண்டியை மட்டமான, இறுகின இடத்தில நிப்பாட்டி ஹான்ட் பிரேக் போட்டு சில்லுக்குக் கட்டை வையுங்கோ. பேந்து தான் பிடிஓவை (எஞ்சின் சக்தியை ஹைட்ரோலிக் பம்புக்குக் குடுக்கிறது) போட்டு தளத்தைப் பின்னுக்கு விடுறது. தளத்தை முழுசா நீட்டி விட்டா சரிவு குறையும், மெசின் லேசா ஏறும். மெசின் ஓடுற நிலையில இருந்தா அதை வழமையா ஓடுற ஆள் தான் ஏத்த வேணும், ஆகக் குறைஞ்ச கியரில, சரிவில நிண்டு சில்லைத் திருப்பாமல். வெட்டு மெசின் எண்டா நெல்தாங்கி வெறுமையா இருக்க வேணும், வெட்டுற தலையைத் தூக்கிப் பூட்டுப் போட வேணும். சேறு அப்பின செயின் ஈரமான இரும்புத் தளத்தில வழுக்கும், நாலு வெறும் சாக்கை விரிச்சுப்போட்டு ஏத்துங்கோ, ஏத்துறதுக்கு முதல் தடியால சேத்தைத் தட்டி விடுங்கோ. பின்னுக்கு ஒருத்தரும் நிக்கக் கூடாது, சின்னப் பிள்ளையள் கட்டாயம் வேடிக்கை பாக்க வருங்கள், அதுகளை முதல் அங்கால விடுங்கோ.

ட்ரக்டர் எண்டா முன் அச்சில ரெண்டு, பின் அச்சில ரெண்டு, நாலு மூலைக்கும் செயின் போட்டு இறுக்குங்கோ. சில்லுக்கு மேலால பெல்ட் மட்டும் போட்டுட்டுப் போனா ரயர் அமத்தி எழும்பேக்க பெல்ட் தளரும். லான்ட்மாஸ்டரைப் பிடியில மட்டும் கட்டாதீங்கோ, உடம்பில கட்டுங்கோ, இரும்புச் சில்லுக்குக் கீழ பலகை போடுங்கோ. கொஞ்ச தூரம் ஓடினாப் பிறகு ஒருக்கா இறங்கி எல்லாச் செயினையும் கையால பிடிச்சுப் பாருங்கோ, கிறவல் ரோட்டில குலுங்கி வந்த லோட் எண்டா கட்டாயம் ஒண்டு தளர்ந்திருக்கும்.

வின்ச் கேபிளில நார் பிஞ்சு முள்ளு மாதிரி நிக்கிற இடம் கண்டா அந்தக் கேபிளை அதோட விடுங்கோ, மாத்துங்கோ. புதைஞ்ச ட்ரக்டரை இழுக்கேக்க சேறு இறுகிப் பிடிக்கிறதால ட்ரக்டரின்ர நிறையை விடக் கன மடங்கு இழுவை வரும், அதால சில்லுக்கு முன்னால மண்ணை வெட்டிப்போட்டு கப்பி போட்டு மெதுவா இழுங்கோ. கேபிளுக்கு நடுவில ஈரச் சாக்கொண்டு போடுங்கோ, அறுந்தா அது வீச்சைக் குறைக்கும். கேபிளைத் தாண்டி ஒருத்தரும் நடக்கக் கூடாது, கமக்காரர் ஐயா எண்டாலும் சத்தம் போட்டு மறியுங்கோ.

மூட்டையும் மரக்கறியும்

இப்ப திரும்பி வாற லோட். கிளிநொச்சியில இருந்து பழுதான ட்ரக்டரை வவுனியா கராஜுக்குக் கொண்டு போனா, 80 கிலோமீற்றருக்குக் கிட்ட வெறும் வண்டியாத் திரும்பி வாறீங்கள். வவுனியாவில இருந்து உரம், தீவனம், சீமெந்து, தண்ணித் தாங்கி எண்டு கிளிநொச்சி, மாங்குளம், பரந்தன் கடைக்காரருக்குச் சாமான் எப்பவும் வரும். ரெண்டு மூண்டு கடைக்காரரோட முன்னமே கதைச்சு "நான் வாறதுக்கு முதல் போன் எடுப்பன், சாமான் இருந்தாச் சொல்லுங்கோ" எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. லொறியை விடக் குறைச்ச வாடகை கேட்டாலும் பரவாயில்ல, அந்த டீசல் எப்பிடியும் எரியத்தான் போகுது.

கரியர் தளத்தில பக்க மறிப்பு இல்ல. கழட்டிப் பூட்டுற மாதிரி மரப் பலகையோ இரும்புச் சட்டமோ வெல்டிங் கடையில செய்வியுங்கோ, ஆனா வண்டியின்ர உருவத்தையே மாத்துற அளவுக்கு நிரந்தரமா ஒட்டாதீங்கோ, அதுக்கு அனுமதி எடுக்க வேணும். தளத்துக்கு மேல பழைய ரப்பர் விரிப்பு போட்டா மூட்டை வழுக்காது. மூட்டையை ரெண்டு அடுக்குக்கு மேல போடாதீங்கோ, மாறி மாறிப் பின்னி அடுக்குங்கோ, தறப்பாளை முன்பக்கத்தில இருந்து இழுத்து மூடிக் கயிறு போடுங்கோ. மூட்டையோட தளத்தைச் சாய்ச்சு இறக்கலாம் எண்டு நினைக்க வேண்டாம், மூட்டை வெடிக்கும், கீழ நிக்கிற ஆளையும் அடிக்கும்.

நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொண்டு போற நெல் எண்டா ஈரம் 14 வீதத்துக்கு மேல இருக்கக் கூடாது. வழியில மழையில நனைஞ்ச ஒரு வரிசை மூட்டையால கமக்காரற்ற முழு லோட்டும் திரும்பி வரலாம், அதால தறப்பாளில ஓட்டை இருந்தா அண்டைக்கே மாத்துங்கோ. ஆட்டக்காரி எண்ட சிவப்பு நெல்லும் வெள்ளை நெல்லும் ஒரே ரிப்பில எண்டா இடையில சாக்கு விரிச்சு வேறயா அடுக்குங்கோ, கலந்தா விலை போகாது. பப்பாசி, வாழைக்குலை, வத்தகப்பழம் ஏத்துறதெண்டா விடியக் காத்தால சந்தைக்குப் போய்ச் சேர வேணும், இடையில பிரேக்டவுன் கோல் வந்தாலும் எடுக்கக் கூடாது. அப்பிடி வாக்குக் குடுக்க ஏலாட்டி பழ லோட்டே எடுக்காதீங்கோ, நெல்லும் கச்சானும் உழுந்தும் ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் பழுதாகாது.

வண்டியை எங்க விடக் கூடாது

கரியர் வயலுக்குள்ள இறங்கக் கூடாது, குளக்கட்டிலயும் வாய்க்கால் வரம்பிலயும் ஏறக் கூடாது. மாரி முடிஞ்ச கையோட வெளியில காஞ்ச மாதிரித் தெரியும் மண் உள்ளுக்குள்ள களியா இருக்கும். நீங்கள் கிறவல் ரோட்டில நில்லுங்கோ, வயலுக்குள்ள இருந்து ரோட்டுக்கு மூட்டையைக் கொண்டு வாறது அந்த ஊர் லான்ட்மாஸ்டர், ட்ரக்டர் பெட்டிக்காரரின்ர வேலை. அவையின்ர உழைப்பில கை வைக்காதீங்கோ. அவை தான் உங்களுக்கு அடுத்த ஹயரைச் சொல்லுற ஆக்கள்.

கண்ணிவெடி எண்டு எச்சரிக்கிற மண்டையோட்டுப் பலகை அல்லது சிவப்பு நாடா கண்டா ரோட்டை விட்டு ஒரு அடியும் இறக்காதீங்கோ, வண்டி திருப்புறதுக்குக் கூட. இரவில ஏ9ல மாடு படுத்திருக்கும், முல்லைத்தீவு மாங்குளம் ரோட்டிலயும் நெடுங்கேணிப் பக்கமும் யானை வரும். நெல் லோட்டோட காட்டோரம் வண்டியை நிப்பாட்டி நித்திரை கொள்ளாதீங்கோ, யானைக்கு நெல் மணம் தூரத்தில இருந்தே தெரியும்.

வாடகை கதைக்கிறது

ஏத்துறதுக்கு முதல் விலையைக் கதைச்சு முடியுங்கோ. கணக்கு இப்பிடிப் போடுங்கோ. போய் வாற மொத்தத் தூரத்தை எடுங்கோ, உங்கட இடத்தில இருந்து சாமான் இருக்கிற இடத்துக்குப் போறதும் சேர்த்து. மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு 50 கிலோமீற்றருக்குக் கிட்ட, போய் வர 100. வண்டி லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடுது எண்டா 17 லீற்றர் அளவு, தளம் சாய்க்கிறதுக்கும் வின்சுக்கும் எஞ்சின் நிண்ட இடத்தில ஓடுறதுக்கு இன்னும் ஒரு லீற்றர் போடுங்கோ. அண்டைய டீசல் விலையால பெருக்குங்கோ. என்ர கணக்கு என்னெண்டா டீசல் காசு வாடகையில மூண்டில ஒண்டைத் தாண்டினா அந்த ரிப் வேண்டாம், மிச்ச ரெண்டு பங்கில தான் ட்ரைவர், உதவியாள், ரயர், ஒயில், லீசிங், உங்கட கூலி எல்லாம் வர வேணும். ஏத்துகூலி இறக்குகூலி ஆர் குடுக்கிறது எண்டும், காத்து நிக்கிற நேரத்துக்கு எவ்வளவு எண்டும் தெளிவாச் சொல்லுங்கோ, மூட்டை இன்னும் கட்டி முடியேல்ல எண்டு அரை நாள் மறிச்சு வைக்கிறது சாதாரணம்.

கமக்காரர் "நெல்லு வித்திட்டுத் தாறன் தம்பி" எண்டு சொல்லுவினம். சில பேரிட்ட உண்மையிலயே அண்டைக்குக் காசு இருக்காது, அது எங்களுக்குத் தெரியாத கஷ்டம் இல்ல. டீசல் காசை மட்டும் கையில வாங்குங்கோ, மிச்சத்துக்குத் திகதி போட்டு கொப்பியில எழுதி அவரிட்டயும் காட்டுங்கோ. ஏத்த முதல் மெசினை நாலு பக்கமும் போனில படம் எடுத்து வையுங்கோ, உடைஞ்ச லைட்டு ஏற்கனவே உடைஞ்சது எண்டு பேந்து வாய்த்தர்க்கம் பட வேண்டி வராது.

வேலை முடிஞ்சாப் பிறகு

உரமும் உப்பும் இரும்பைத் தின்னும். யூரியா மூட்டை ஏத்தினாலோ ஆனையிறவு உப்பு ஏத்தினாலோ அண்டைக்கே தளத்தையும் அடிப்பக்கத்தையும் தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ, நாளைக்கு எண்டு விடாதீங்கோ. நெல்லும் வைக்கோலும் ஏத்தினா பதர் போய் தளம் வழுகிற தண்டவாளத்தில கிறீசோட ஒட்டி மண்ணாங்கட்டி மாதிரி இறுகும், பிறகு தளம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பழைய கிறீசைச் சுரண்டி எடுத்துப்போட்டு புதுசு பூசுங்கோ. ஹைட்ரோலிக் குழாயில ஈரம் கசிஞ்ச தடம் இருக்கோ எண்டு வெட்டுக் காலம் முழுக்கக் கிழமைக்கு ஒருக்காப் பாருங்கோ.

பிரேக்டவுன் வரவு ஒரு கொப்பி, விவசாய வரவு இன்னொரு கொப்பி. ஒவ்வொரு ரிப்புக்கும் தூரம், டீசல், வந்த காசு, வெறுமையாத் திரும்பினதோ லோட்டோட திரும்பினதோ எண்டு எழுதுங்கோ. ரெண்டு போகம் முடிய எந்தக் குளத்துப் பக்கம் உங்களுக்கு உழைப்பு, எந்தப் பக்கம் டீசல் மட்டும் எரியுது எண்டு அந்தக் கொப்பியிலயே தெரியும், அடுத்த கால போகத்துக்கு எந்த மெசின்காரருக்கு முதல் போன் எடுக்கிறது எண்டதை அதைப் பாத்து முடிவெடுங்கோ.